சனோபர் கதவைத் தட்டியபோது

தென்காசி
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் குற்றாலீஸ்வரனுக்கு அம்மா கல்யாணசுந்தரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், அது உடம்பைப் பொறுத்தவரை. நீ சுகமென்று நேற்றும் போனில் சொன்னாய், கேட்கும்போது தெம்பாகத்தான் இருக்கிறது, போனை வைத்ததும் மறுபடி உன் நம்பரைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். இங்கே சாரல் விடாமல் விழுகிறது, காற்று தாங்க முடியவில்லை, குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளால் ரோட்டைக் கடக்க வழியில்லை. நம் தெரு இசக்கிமணி லீவு முடிந்து புதன்கிழமை அரபு நாட்டுக்கு, உன் ஊருக்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு என்னைத் திட்டு.

கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த சனோபரை உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து டீச்சர், கடையநல்லூர்ப் பிள்ளை. அவள் வீட்டுக்காரர் யஹ்யா உன் ஊரில்தான் தண்ணீர் வண்டி ஓட்டுகிறார், போன வருஷம் நான் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயை நீ தங்கியிருக்கிற கேம்ப்புக்கே வந்து தந்தாரே, அவர்தான். அங்கே குண்டு விழ ஆரம்பித்த நாளிலிருந்து நான் டிவியை அணைக்கவே இல்லை. எந்தச் சேனலைத் திருப்பினாலும் சிவப்பு எழுத்து, சைரன், நாலு பேர் உட்கார்ந்து சத்தம் போடுகிறார்கள். தூரத்தில் நடக்கிற சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் நம் தெருவில் இருக்கிற முஸ்லிம்களைப் பற்றிப் பேசி முடிக்கிறார்கள், உங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்று ஒருவர் விரலை நீட்டிச் சொன்னார். நான் நம்பவில்லை என்று சொன்னால் அது பொய். சமையல் செய்துகொண்டே கேட்டேன், சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், நாலாவது நாள் கீழே யாராவது செருப்பைக் கழற்றினால்கூட என் காது அங்கே போய்விட்டது.

கீழே இரவும் பகலும் அரபியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒருநாள் அவள் தம்பி ஹம்தான் இரண்டு பேரோடு வந்து கனமான பெட்டி ஒன்றை இறக்கினான், வயர் வெளியே தெரிந்தது. எதிர்வீட்டுப் பலவேசம் அண்ணாச்சி, அதுதான் ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு, அதைப் பார்த்துவிட்டு, “என்ன பெட்டி அது, நீ கேட்டியா? காலம் கெட்டுக் கெடக்கு, பாத்து இருந்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சனோபரிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் உன் போன் அணைந்து போனது. காலையிலிருந்து இருபது முப்பது தடவை கூப்பிட்டேன். மத்தியானம் டிவியில் ஒரு பெரிய கட்டிடம் எரிவதைக் காட்டி உன் ஊர்ப் பேரைச் சொன்னார்கள், அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் அழுத அழுகை கீழ்வீடு வரை கேட்டிருக்கும். சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் சனோபரும் ஹம்தானும். “ஆச்சி, கதவத் தொறங்க ஆச்சி, ஒரு சமாச்சாரம்” என்றாள். நான் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். டிவியை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் சுவரோடு நின்றேன். என்ன நினைத்து நின்றாய் என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, அந்த ஆள் நீட்டிய விரல்தான் கண்ணில் நின்றது. “தூங்குதாவ போல, வா” என்று ஹம்தான் சொன்னதும் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் என் போனில் அவள் பேர் வந்தது. நான் எடுக்கவில்லை. அதன்பின் குரல் செய்தி ஒன்று வந்தது, அதையும் கேட்கவில்லை.

விடிந்ததும் அண்ணாச்சியிடம் ஓடிப்போய் அரபிப் பேச்சு, பெட்டி, வந்த ஆட்கள், கதவைத் தட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் தெருவே வாசலில் வந்து நின்றுவிட்டது. பெட்டிக்குள் இருந்தது இன்வெர்ட்டர் பேட்டரி. காற்றில் அடிக்கடி கரண்ட் போகிறதே, போனுக்குச் சார்ஜ் இல்லாவிட்டால் யஹ்யாவின் அழைப்பு தவறிவிடும் என்று வாங்கி வைத்திருக்கிறாள். அரபிப் பேச்சு அந்த ஊர்ச் செய்தி. அவளுக்கு அரபி ஓதத் தெரியுமே தவிர பேசினால் புரியாது, வீட்டுக்காரர் இருக்கிற ரோட்டின் பேர் வருகிறதா என்று எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நேற்று எதற்கு மேலே போனீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “ஆச்சி மவன் நல்லா இருக்காவன்னு சொல்லப் போனேன் சார்” என்றாள்.

குரல் செய்தியை அப்புறம்தான் கேட்டேன். “ஆச்சி, அழாதீய. இவிய வண்டிய எடுத்துட்டு அண்ணனத் தேடிப் போனாவ. கேம்ப்ப வேற எடத்துக்கு மாத்திட்டாவளாம், அண்ணன் செல்போன பழைய ரூம்லயே விட்டுட்டாவளாம். கண்ணால பாத்துட்டு வந்துட்டாவ, ஆச்சி.” சைரன் ஊளையிடுகிற ஊரில் யஹ்யா என் பிள்ளையைத் தேடிப் போயிருக்கிறார். அந்தச் செய்தி என் கதவுக்கு வெளியே நின்று நனைந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. எரிந்த கட்டிடம் உன் ஊரே இல்லை, என்றோ எடுத்த பழைய படம் என்று நீதான் பிறகு சொன்னாய். டிவியில் அதை யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே சனோபர் வீட்டைக் காலி செய்தாள். சாவியை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளை பேரை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். “கேஸே இல்லம்மா, வெசாரிச்சோம்னு எழுதி வச்சிருக்கோம், அவ்வளவுதான், நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார்கள். எழுதியது எழுதியதுதானாம்.

செவ்வாய்க்கிழமை கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். அவள் அம்மா ஹைருன் பீவி நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். சனோபர் நின்றுகொண்டே இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள், “ஆச்சி, நீங்க இங்கன வந்தது போலீசுக்குத் தெரியுமா? இனி எங்க அம்மா வீட்டுக்கும் வருவாவளா?” என்றாள். இல்லை தாயி என்றேன். அவள் நம்பவில்லை. நான் கையை நீட்டினபோது ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். உன் அப்பா போன பிறகு பத்து வருஷமாக யாரைப் பார்த்தெல்லாமோ நான் பயந்திருக்கிறேன், என்னைப் பார்த்து ஒருவரும் பயந்ததில்லை ஐயா. இப்போது கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, டிவியின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன், அந்த அமைதியும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் நீ யஹ்யாவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் நடந்தது, அண்ணாச்சி செய்தது என்றெல்லாம் எனக்காகப் பொய் சொல்லாதே. எங்கள் அம்மாதான் செய்தாள் என்று சொல். அவர் முகம் கொடுக்காமல் போனாலும் கோபப்படாதே, மறுபடி ஒருநாள் போ. அங்கே சைரன் கேட்டால் ஜன்னல் பக்கம் நிற்காதே, வானத்தில் எது பறந்தாலும் போனைத் தூக்கிப் படம் எடுக்காதே, அதற்கே பிடித்துப் போகிறார்களாம். நேரத்துக்குச் சாப்பிடு. இசக்கிமணியிடம் முறுக்கும் அதிரசமும் இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், பெரியது யஹ்யாவுக்கு. அவர் வாங்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே, எனக்கு அதை அப்படியே சொல், மறைக்காதே. குற்றாலநாதர் உங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
சு. கல்யாணசுந்தரி