புயலுக்கு ஒரு பெயர்ப் பட்டியல்

12 ஜன. '87, திங்கள்

−14. யன்னல் ஓரம் உட்பக்கமும் ஐஸ். வாங்க: பால், மெழுகுதிரி, இவருடைய மருந்து.

மத்தியானம் கதவில் தட்டல். கழுத்தில் நகரசபை அட்டையோடு ஒரு வெள்ளைக்காரி, கையில் நிரப்புகிற ஃபோம். பனிப்புயலில் கரண்ட் போனால் எந்த வீட்டுக்கு முதலில் உதவி வேண்டும் என்று எழுதுகிறார்களாம். நோயாளி உண்டா? கரண்டில் ஓடும் மெஷின்? பெயர்?

ஒருவரும் இல்லை என்றேன். அறைக்குள் இவருடைய மூச்சு மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். பேசாமல் போனாள். ஏன்?

இவர்: "ஏனப்பா பொய் சொன்னனீர்? உதவிக்குத்தானே கேக்கினம்."

"எண்பத்து மூண்டிலை கொழும்பிலை எங்கடை வீட்டை எரிக்க வந்தவங்களின்ரை கையிலையும் தமிழ் வீடுகளின்ரை லிஸ்ற் இருந்தது. மறந்துபோச்சே?"



14, புதன்

துணி துவைக்கும் அறையில் கீழ்மாடி மட்டக்களப்பு அன்ரி. பெயர் கொடுத்துவிட்டாராம். முழங்கால் ஏலாது, லிஃப்ட் நின்றால் இறங்கவே முடியாது.

"நான் உங்கட பேரச் சொல்லல்ல, புள்ள."

நான் கேட்கவில்லையே. தானாக ஏன் சொன்னார்?

எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவது மற்றக் கந்தோருக்குப் போகாதா?

19, திங்கள்

விடிய மழை, விழுந்த இடத்திலேயே ஐஸ். பத்து மணிக்குக் கரண்ட் இல்லை. ஹீற்றர் குளிர்ந்தது. மெஷின் நின்றது. பதினொன்றரைக்கு இவருக்கு மூச்சு இழுப்பு. உதடு நீலம். ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தால் லைன் கிடைக்கவில்லை.

படிப்பக்கம் பேச்சுச் சத்தம். கதவை நூலளவு திறந்தேன். கீழ்மாடியில் அதே வெள்ளைக்காரியின் குரல். இரண்டு பேர் அன்ரியைக் கதிரையோடு தூக்குகிறார்கள். எங்கள் மாடிக்கு வரவில்லை. ஏன் வருவார்கள்?

செருப்பில்லாமல் ஓடினேன். "மை ஹஸ்பண்ட்! மெஷின்!"

அன்று இல்லை என்றாயே என்று அவள் கேட்கவில்லை. முதல் ஆளாகப் படி ஏறினாள்.

எங்களையும் கொண்டுபோனது பள்ளிக்கூட மண்டபத்துக்கு. வெளியே ஜெனரேற்றர். மெஷின் ஓடத் தொடங்கியது. நாலு மணிபோல உதட்டில் நிறம். அன்ரியின் மடியில் தலை வைத்து அழுதேன். அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.

21, புதன்

வீட்டில் கரண்ட். இவர் இடியப்பம் கேட்டார்.

வெள்ளைக்காரி வந்தாள். அதே ஃபோம். இது எங்கே போகும்? நகரசபைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மட்டுமாம். "இமிகிரேஷன்?" "நோ." இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் முகத்தைப் பார்த்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

இவருடைய பெயரை எழுதினேன். கீழே இன்னொரு கோடு: வீட்டில் உள்ள மற்றவர்கள்.

என் பெயர் வரவேண்டிய அந்தக் கோட்டை வெறுமையாக விட்டு, ஃபோமை நீட்டினேன்.