பாதித் தாடி

தண்டர் பே,
20 மே 1985

தாடி இல்லாத என் அண்ணனுக்கு,

நீ தேடும் கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கிறது.

கோப்பைத் தொடர் முடியும்வரை அதிர்ஷ்டம் போய்விடும் என்று உங்கள் பனி ஹாக்கி அணியில் யாரும் தாடியில் கை வைப்பதில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். கோப்பையைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தன்று மதியம் நீ வழக்கம்போல் மரக்கட்டையாகத் தூங்கினாய். ஒரு பக்கம் மட்டும் வெட்டினேன். பாதி அண்ணன், பாதி ஆடு. எழுந்து சிரிப்பாய் என்று நினைத்தேன். நீயோ மறுபக்கத்தையும் மழித்துவிட்டு ஆடப் போனாய்.

கூடுதல் நேரத்தில் வட்டு உன் ஸ்கேட் காலணியில் பட்டு நம் வலைக்குள்ளேயே போனது. கோப்பையும் போனது. உடைமாற்றும் அறை வாசலில் நின்றேன். கேப்டன் ஐமோ கத்தினார்.

"எவன்டா உன் தாடியில கை வெச்சது?"

"நான்தாண்டா. அரிச்சுது, எடுத்துட்டேன்" என்றாய் நீ.

ஊரையே கலாய்க்கும் என் வாய் அன்று திறக்கவில்லை.

அதன்பின் காபிக் கடையில், "வாங்க மழமழ மாப்ள, பனியில வழுக்கிட்டீங்களாமே!" என்று உன்னைக் கேட்கிறார்கள். நேற்று உன்னை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை உனக்கு ரயில்.

இன்று காலை அதே கத்தரிக்கோலால் என் தலைமுடியில் பாதியை வெட்டினேன். அம்மா அலறினாள். அப்படியே காபிக் கடைக்கும், ஐமோ வீட்டுக்கும் போனேன். ஏன் இந்தக் கோலம் என்று கேட்ட எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னேன். ஐமோ சிரிக்கவில்லை.

மறுபாதி அப்படியே இருக்கிறது. ரயிலேறும் முன் வந்து நீ வெட்டு.

உன் தங்கை