ஒரே தொட்டியில் இரண்டு பேர் கலக்கிய மினரல்

காப்பார், கிள்ளான்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் குமுதாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், அங்கே பெர்த்தில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. பெரிய தம்பி ராதாகிருஷ்ணன் மகள் அமுதவள்ளி எஸ்பிஎம் பரீட்சையில் எட்டு ஏ எடுத்துவிட்டாள், தமிழிலும் ஏ. சின்னவன் விமலன் மகன் சிவநேசன் பூப்பந்தில் மாவட்டத்துக்கே முதலாவது. உன் மகள் பல் டாக்டருக்குப் படிக்கப் போவதைக் கோயிலில் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளைகள் ஒரு குறையும் வைக்கவில்லை, பெற்றவர்கள்தான் என்னை அலுக்க வைக்கிறார்கள்.

போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போன வேனில் முன் சீட்டில் யார் பெண்சாதி உட்காருவது என்று உன் தம்பிகளுக்குள் வந்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரே கோழிக் கொட்டகையில் நின்றுகொண்டு, தீனி போட்டாச்சுன்னு அவன்கிட்ட சொல்லும்மா என்பான் பெரியவன், அந்தப் பெரிய மனுஷனைக் கதவைச் சாத்தச் சொல்லும்மா என்பான் சின்னவன். நடுவில் நான் தபால்காரி. இரண்டு வாரத்துக்கு முன் அமுதவள்ளிக்குப் பிரிக்பீல்ட்சில் பரிசு கொடுத்தார்கள், போன நான் உன் சித்தி வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டேன். வெயிலுக்குக் கோழித் தண்ணியில் மினரல் தூள் கலக்கச் சொல்லியிருந்தார் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் அய்யாவு, தீனியிலேயே உப்பு அளவாய் இருக்கிறது, இது கொஞ்சம் போதும் என்றும் சொன்னார். பெரியவன் விடியலில் தொட்டியில் கலக்கிவிட்டுப் போயிருக்கிறான். தம்பியிடம் சொல்ல நான் இல்லை, தானே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சின்னவன் வந்து, அண்ணன் மறந்திருப்பான் என்று தானும் கலக்கியிருக்கிறான். நான் வரும்வரை தினமும் இதே கூத்து. உப்பு ஏறி, கோழிகள் தண்ணியாய்க் குடித்துத் தண்ணியாய்க் கழிந்து, கீழே போட்ட மரத்தூளெல்லாம் சேறு. பாதம் புண்ணாகிக் குந்திவிட்டன, செத்ததைப் பொறுக்கிப் பொறுக்கி என் இடுப்பு போய்விட்டது. அய்யாவு வந்து பார்த்து, வெறும் தண்ணி கொடுங்க, மரத்தூளை மாத்துங்க என்றார், கோழிங்ககூட ஒன்னோட ஒன்னு பேசிக்குது லா என்று சிரித்தும்விட்டார். இவர்கள் சிரிக்கவில்லை.

மிச்சக் கோழி இப்போது எழுந்து நடக்கிறது. ஆனால் இது விற்பனைக்கு லோரி ஏறினதும் சுபாங் ஜெயாவில் டிரைவர் வேலைக்குப் போகிறேன் என்று விமலன் சட்டைகளை மடித்து வைத்துவிட்டான். போகட்டும் என்கிறான் பெரியவன், சோற்றை மட்டும் தொடுவதில்லை. ஒருத்தனால் அந்தக் கொட்டகையைக் கட்டி மேய்க்க முடியாது, எனக்கும் இனிமேல் சேதி சுமக்கத் தெம்பில்லை. நீ இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் போனில் கூப்பிட்டுத் திட்டு. தனித்தனியாய்ப் பேசாதே, ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்குத்தான் பயப்படுவார்கள். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. முருகன் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் புதுப் படம் ஒன்றைக் கழுவித் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம். சிரிக்காமல் எடுத்ததாய் இருக்கட்டும், தண்ணித் தொட்டிக்கு மேலே மாட்டப் போகிறேன்.

உன் அம்மா
சீதாலெட்சுமி