பதினோராம் பக்கம்

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

பதினெட்டு வருஷம் கழித்து அண்ணன் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

நம் ஏரிக்கு இப்போது பறவைகள் வருவதில்லை. கரைக்குக் கரை நாணல் மண்டி, தண்ணீரே கண்ணில் படவில்லை. கூடுகளைக் காப்பாற்றுகிறேன் என்று வனத்துறை அதிகாரியாக இருந்தபோது நாணல் அறுக்கத் தடை போட்டவன் நான்தான். மாப்பிள்ளையின் பிழைப்பும் அதோடு போனது. இருபதாம் தேதி கூட்டத்தில் அந்தத் தடையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ரிட்டயரான என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். தடைக்கு முன் ஏரி எப்படி இருந்தது என்று ஆபீஸில் ஒரு காகிதம்கூட இல்லை. மாப்பிள்ளை நோட்டில் ஏதோ எழுதி வைப்பாரே, இருக்கிறதா? கேட்கவே வாய் கூசுகிறது.

அண்ணன்

மார்ச் 9

அண்ணனுக்கு,

நல்ல ஆள் நீ! இருக்கிறேனா செத்தேனா என்று இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை, நோட்டு மட்டும் வேண்டுமாக்கும். உன் கையெழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன், அது வேறு.

"குடுத்துடு. ஏரி என்ன பாவம் பண்ணுச்சு?" என்கிறார் இவர். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து அனுப்புகிறேன்.

அப்போதெல்லாம் ஏரியை மூன்று பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்குதான் அறுப்பார்கள். அதிலும் கூடு தென்பட்டால் சுற்றிக் குச்சி நட்டு, துணி கட்டி, விட்டுவிடுவார்கள். நீ கூடு எண்ண வந்த அன்று ரோட்டோரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜீப் ஏறினாய். அது அப்போதுதான் அறுத்த பங்கு. மற்ற இரண்டின் கணக்கு பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. இவர் அன்றைக்கே சொன்னார். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கச்சி

மார்ச் 21

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்றுக் கூட்டத்தில் பதினோராம் பக்கத்தை நானே வாசித்தேன். "ஏரியில இருந்தது இருநூத்திப் பன்னெண்டு கூடு. நான் எழுதுனது ஏழு. தப்பு என்னோடது. நீங்களும் ரோட்டுல நின்னு பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க" என்றேன்.

தடையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இந்த வருஷம் ஒரு பங்கு அறுத்துப் பார்க்கப் போகிறார்கள். யாரை வைத்து என்று கேட்டார்கள், மாப்பிள்ளையைச் சொன்னேன். வருவாரா? அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், நீயே சொல்.

அண்ணன்

டிசம்பர் 2

அண்ணே,

அறுத்த இடத்தில் தண்ணீர் பளிச்சென்று தெரிகிறது. நேற்று பதினான்கு பறவைகள் இறங்கின. இவர் குழந்தை மாதிரி சிரித்தார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, அண்ணே, உன்னால்தான்.

நோட்டில் புதுப் பக்கம் தொடங்கிவிட்டார். ஆனால் எண்ணிக்கையை மட்டும் எழுதவில்லை. "உங்க அண்ணன் வந்து எண்ணட்டும். இந்தத் தடவை படகுல" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. சாப்பாடு இங்கேதான்.

உன் தங்கச்சி