ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆல்புமினும்

8-2-1971, திங்கள்

தேன் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? பஸ்ஸில் என் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்து, "அண்ணாச்சி, பாட்டில்ல என்ன?" என்கிறான் எங்கள் ஜவுளிக்கடைக் கருணாகரன். "கொஞ்சம் குடுங்க, பிள்ளைக்கு இருமல்" என்று வேறு கெஞ்சல்!

அது என் மகள் சுந்தரவல்லியின் சிறுநீர். மயிலாப்பூர் லேபில் கொடுத்தேன்; நாளைக்கு வரச் சொன்னார்கள். கொஞ்ச நாளாகக் காலையில் அவளுக்கு முகம் ஊதியிருக்கிறது. சதை போடுகிறாள் என்று சந்தோஷப்பட்ட தகப்பன் நான். சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

9-2-71

லேபில் ஷரஃபுதீன் குழாயில் ஊற்றி, விளக்கில் காட்டி, ஒரு சொட்டு ஆசிட் விட்டார். முட்டை வெந்தது போல் வெள்ளையாகத் திரண்டது.

"ஆல்புமின், நைனா. ஒடம்புல நிக்க வேண்டிய சத்து ஒண்ணுக்குல போய்க்கினு கீது. கிட்னில கோளாறு."

அப்புறம் பாட்டிலை மோந்து பார்த்தார்.

"இன்னா இது, ஹார்லிக்ஸ் வாசனை! கழுவுனியா இல்லியா?"

கழுவினேன். அதாவது, தண்ணீர் விட்டு ஒரு ஆட்டு.

"அதுலயும் சத்து கீதே! அதுவும் இப்டித்தான் தெரியும். சுத்தமா வேற கொண்டா."

தி.நகர் வரை நடந்தே வந்தேன். நான் மடையன் — வியாதி அவ்வளவுதான், பிள்ளைக்கு ஒன்றுமில்லை!

"உங்கள நம்பிப் பாட்டிலக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்றாள் என் மனைவி தங்கபுஷ்பம். வல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என் கிட்னிக்கு ஹார்லிக்ஸ் குடுத்துட்டியளாப்பா?"

10-2-71

வடபழனி முருகா, நான் மடையன்தான் என்று ஆகட்டும்.

12-2-71

கொதிக்க வைத்துக் கழுவிய பாட்டில். அதே வெள்ளை.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, மாசாமாசம் டெஸ்ட். கூடாம இருந்தாலே ஜெயிச்ச மாதிரி." பள்ளிக்கூடம் போகலாமாம்.

ஆக, நான் மடையன் இல்லை. யாருக்கு வேணும் அது? ஒரு பாட்டில, ஒரே ஒரு பாட்டில ஒழுங்காக் கழுவாதவனா இருந்துட்டுப் போறேனே — அது கூடவா கூடாது?

21-3-71

வீடு முழுக்க உப்பில்லாச் சாம்பார். நான் மட்டும் கடைப்பக்கம் மசால்வடை தின்றுவிட்டு வந்தேன். வல்லி மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "உங்க வாய்க்கும் மாசாமாசம் டெஸ்ட் எடுக்கணும்ப்பா."

முகத்தில் ஊதல் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

14-6-71, திங்கள்

இன்று தானும் வருவேன் என்று வல்லி லேபுக்கு வந்தாள். பாட்டிலும் அவள் கையில்தான். ஷரஃபுதீன் குழாயை அவளிடமே கொடுத்து, "பாத்து, பாப்பா, சூடு" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தாள்.

"போன மாசத்துக்குக் கம்மியாப்பா?"

கடையில் எனக்கு வேட்டிப் பிரிவு. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்லித்தான் எனக்குச் சோறு.

"கூடலம்மா" என்றேன்.

"அப்ப ஜெயிச்சாச்சு!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நூலளவும் குறையவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.