அந்த முக்கால் நாழிகை

ஹுன்னஸ்கிரிய,
ஆங்கீரச வருடம், ஆவணி மாதம்.

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம், சென்னைப் பட்டணத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க முருகன் துணை. உன் கடிதம் கண்டியிலிருந்து ஸெய்னுலாப்தீன் முதலாளியின் வண்டியில் வந்தது. கோப்பி இலையெல்லாம் மஞ்சள் தூள் பூத்து உதிர்கிறது என்று கேள்விப்பட்டு, எம்.ஏ. படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கிளாக்கர் வேலைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்கென்ன பைத்தியமா? கோப்பி போனால் போகட்டும், நீ வரக்கூடாது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், இத்தனை மாதமாகக் கை வரவில்லை.

உன் தங்கை அங்கம்மாவின் பிள்ளை காய்ச்சலில் போனது என்று எழுதினேன் அல்லவா, அது பொய். தை மாதம் அது செத்தே பிறந்தது. கார்த்திகை அமாவாசைக் கிரகணத்துக்கு முன் நீ எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா, பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தைவிட முக்கால் நாழிகை பிந்தித்தான் கிரகணம் விடும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாய். இருபது வருஷமாக நம் ஆட்கள் குடியிருக்கும் இந்த லயங்களுக்கெல்லாம் பஞ்சாங்கம் பார்த்து நேரம் சொல்கிறவன் நான், நேற்றுப் பிறந்த பயல் எனக்குச் சொல்வதா என்று கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன், யாருக்கும் காட்டவில்லை. அன்று காலை மலை முழுக்க மூடுபனி, சூரியனே தெரியவில்லை. கோப்பி ஸ்டோர் மணிக்கூட்டைப் பார்த்து, பஞ்சாங்க நேரம் ஆனதும், விடியற்காலை ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் கறுப்பையாவைக் கூப்பிட்டு, கிரகணம் விட்டாச்சு, அடிடா என்றேன். கதவைச் சாத்திக்கொண்டிருந்த பெண்களெல்லாம் குளிக்க வந்தார்கள், ஏழு மாதக்காரி அங்கம்மாவும் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனாள். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே பனி விலகிவிட்டது. அண்ணாந்து பார்த்தவள் என்னைக் கூப்பிட்டு, அப்பா, இன்னும் ஒரு பக்கம் கருப்பாத்தானே இருக்கு என்றாள். பயப்படாமல்தான் கேட்டாள். ஐயோ மகனே, அந்தக் குரல் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதும் சோறு பிசையும்போதும் காதில் விழுகிறது. மேகம் வெயிலை மறைத்தால்கூட வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறேன்.

கிரகணம் தீண்டித்தான் பிள்ளை போனது என்று உன் அம்மா தலைவிதியைத் திட்டுகிறாள். என்னைத் திட்டுவதில்லை, சரியான நேரம் எனக்கு முன்பே வந்து சேர்ந்தது அவளுக்குத் தெரியாதே. இப்போது அங்கம்மா மறுபடி நாலு மாதம். பகலில் வெளியே வருவதே இல்லை, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி வைத்திருக்கிறாள், வெயில் என் மேல பட வேணாம்ப்பா என்கிறாள். முகம் வெளிறிவிட்டது, சோறும் இறங்குவதில்லை. இப்படியே கிடந்தால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

நீ சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடிப் பட்டையில் பிரித்து, அங்கே என்ன எரிகிறது என்று படிக்கிறவன். கிரகணம் வெறும் நிழல், யாரையும் ஒன்றும் செய்யாது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தாய். அன்றைக்குச் சிரித்தேன், இன்றைக்கு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். படிப்பை விட்டு வந்தவன் சொன்னால் அங்கம்மா நம்பமாட்டாள், எம்.ஏ. படிக்கிற அண்ணன் சொன்னால் நம்புவாள். உன் பெரிய வாத்தியாரிடமும் கேள், நிச்சயம் என்றால் உடனே அவள் பெயருக்கு எழுது. எனக்காகப் பொய் மட்டும் எழுதாதே. அது வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதத்தையும் எடுத்து, இரண்டையும் அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். பழையதை மட்டும் தனியாக வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா,
வீரையாக் கணக்கப்பிள்ளை.

மறந்துவிடாதே, மேல்விலாசத்தில் அங்கம்மா பெயர். என் பெயர் போட்டால் மறுபடியும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.