ஆவி என்று ஒரு நாய்

இன்று காலை அஞ்சலில் ஒரு சின்ன உறை வந்தது. பிரித்துக் கவிழ்த்ததும் உள்ளங்கையில் எலும்பு வடிவத்தில் ஒரு தகடு விழுந்தது. ஒரு பக்கம் என் கைபேசி எண். மறுபக்கம் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்: ஆவி. ஆர்டர் செய்தது நான்தான், எழுத்துக்கூட்டித் தட்டியதும் நான்தான். இருந்தும் அது தகட்டில் பொறிக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததும் கராஜில் வாஷிங் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எங்கே இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு கேள். நம் வீட்டில் நாய் இருக்கிறது, அந்தத் தகடு அதன் கழுத்துப் பட்டைக்கு. இப்போது அது உன் சோபாவில் படுத்திருக்கிறது. விருந்தாளி வந்தால் மட்டும் விரிப்பை எடுப்பாயே, அதே சோபாவில், விரிப்பு இல்லாமல்.

உனக்கும் நாய்க்கும் இருந்த உறவு எனக்குத் தெரியாதா? ஈரோட்டில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடித்த ஒரு நாய்க்காகத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள் நீ. அமெரிக்காவுக்கு, இந்த மில்பிடாஸுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஊசி உனக்கு மறக்கவில்லை. பார்க்கில் எதிரே வருகிறவர் நாயைப் பிடித்தபடி, "ஷி இஸ் ஃப்ரெண்ட்லி" என்பார். நீ என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ஐ ஆம் நாட்" என்பாய். அந்த மனிதர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாயை இழுத்துக்கொண்டு போவார்.

தாரிணி முதல் வகுப்பில் இருந்தபோது நாய் கேட்டு ஒரு வாரம் அழுதாள். "நாய் உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன். யாரு வேணும்னு அப்பாவும் பொண்ணும் பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றாய். பேசினோம். நீயே இரு என்று முடிவு செய்து உனக்கு அறிவித்தோம். "பெரிய மனசுதான்" என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனாய்.

மார்ச் மாதம் ஆபீஸில் தலை வலிக்கிறது என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாய். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ஒரு ரத்தக் குழாய் என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அதன்பிறகு தாரிணி நாய் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், ஹோம்வொர்க் செய்தாள். அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கவனித்துக்கொள்ள அவளுக்கென்று ஏதாவது ஒன்று கொடுத்துப் பாருங்கள் என்று பள்ளியின் கவுன்சிலர் சொன்னார். ஒரு செடி, ஒரு மீன் என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் வாயிலிருந்து, "நாய் வாங்கலாமா கண்ணு?" என்று வந்துவிட்டது. அவளைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "அம்மாவுக்குப் புடிக்காதே" என்றாள். புடிக்காது என்று, இப்போதும் நீ அடுக்களையில் நிற்பது போல. நான் காரை எடுத்தேன்.

நாய்க் காப்பகத்துக்குப் போனபோது அக்டோபர் பாதி தாண்டியிருந்தது. உனக்குத்தான் தெரியுமே, அந்த மாதத்தில் ஹாலோவீன், பேய்த் திருவிழா என்று இந்த ஊர் ஆடும் ஆட்டம். வரவேற்பு மேஜையில் பிளாஸ்டிக் மண்டையோடு, கதவில் சிலந்தி வலை, அங்கே வேலை பார்த்த பெண்ணின் காதில் வௌவால் தோடு. தாரிணி ஒவ்வொரு கூண்டாக நின்று பார்த்து, கடைசியில் ஒரு கறுப்பு நாயின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பெண் நாய், ஒரு காது மடங்கியது. பெரிய துறுதுறுப்பெல்லாம் இல்லை. வந்து அவள் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டது.

இந்த மாதம் இங்கிருந்து போகும் நாய்களுக்கெல்லாம் பயமுறுத்தும் பெயர்தான், விதி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தாள் அந்தப் பெண். சுவரில் ஒரு கரும்பலகை. ஷேடோ, பம்ப்கின், மிட்நைட், கோஸ்ட் என்று வேறு வேறு பிள்ளைகளின் கையெழுத்து. நானும் என் பங்குக்கு, "பூச்சாண்டி வைக்கலாமா?" என்றேன். தாரிணி நான் அங்கே இல்லாதது போலச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் எழுதினாள். படித்துப் பார்த்தால், ஆவி.

"அழகான பெயர். என்ன அர்த்தம்?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இட் மீன்ஸ் கோஸ்ட். இன் தமிழ்" என்றாள் நம் பெண், வகுப்பில் விடை சொல்வது போல.

எத்தனையோ தமிழ்ச் சொல் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். அதில் போயும் போயும் இதுவா கிடைக்க வேண்டும்? மார்ச் மாதம் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று ஈரோட்டுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் உன் அக்காவிடம் திணறிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவரே புரிந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம், "ஆவி பிரிஞ்சிருச்சாமா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே வந்தாலும் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அது பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை நக்கிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தது.

முதல் அடி நம் பக்கத்து வீட்டு அங்கிளுக்கு விழுந்தது. பொழுது சாயும் நேரத்தில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். எதிர் வீட்டுப் புல்வெளியில் எலும்புக்கூடு பொம்மை ஆடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த இடத்தில் அவர் முதுகுக்குப் பின்னால், "ஆவி! கம் ஹியர்!" என்று ஒரு குரல். மனிதர் ஓடிவிட்டார். அடுத்த நாள் என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு செகண்ட் என் ஆவியே போய்ட்டு வந்துது. வேற பேரே கெடைக்கலையா?" என்றார்.

இரண்டாவது உன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நாயைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் பிள்ளைக்காக, "பேரென்ன வெச்சிருக்கற சாமி?" என்று கேட்டார். சொன்னாள். அவர் கையிலிருந்த போன் சரிந்து, ஈரோட்டு வீட்டின் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு கத்தினார்: "தம்பி, இன்னும் வருசம் திரும்பலைங்க. நடு ஊட்டுல நின்னு ஆவி வா, ஆவி வான்னு கூப்புடறதா? படிச்சவங்கதான நீங்க? மொதல்ல பேர மாத்துங்."

எனக்கு இந்தச் சாங்கியமெல்லாம் பெரிதில்லை என்று நீ என்னைக் கேலி செய்வாய். ஆனால் அன்று அக்கா சொன்னது சரி என்றுதான் பட்டது. உண்மையைச் சொன்னால் அந்த நாயை நான் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. ஏய் என்பேன், இல்லாவிட்டால் சீட்டி அடிப்பேன். அதனால் மாலையில் தாரிணியை உட்காரவைத்துப் பேச்சை எடுத்தேன்.

"வேற பேர் வைக்கலாம் கண்ணு. மணி? ரோஸி?"

"நோ."

"பெரியம்மா பயப்படறாங்க. அப்பாவுக்கும் கூப்பிட ஒரு மாதிரி இருக்கு."

"இட்ஸ் நாட் எ பேட் கோஸ்ட், அப்பா. அது அம்மாவோட கோஸ்ட்."

"அம்மாவோடதுன்னா?" என்றேன்.

"அம்மா புடிக்கச் சொல்லுவாங்களே, அது."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். சளி பிடித்தால் பால் காய்ச்சும் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கவைத்து, நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டு, அவளை உட்காரவைப்பாய். தனியாகப் போர்வைக்குள் போகப் பயப்படுவாள் என்று நீயும் உள்ளே நுழைந்துகொள்வாய். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு போர்வைக் குவியல் தும்மும், சிரிக்கும். "நல்லா ஆவி புடி சாமி. விடாத, மூக்கால புடி. ஆவி புடிச்சா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று உன் குரல் உள்ளேயிருந்து கேட்கும்.

நம் பெண்ணுக்கு நீராவி என்று யார் சொன்னார்கள்? அவள் கேட்டதெல்லாம் ஆவி. பள்ளியில் ஹாலோவீனுக்கு அவரவர் மொழியில் கோஸ்டுக்கு என்ன சொல் என்று எழுதி வரச் சொன்னார்களாம். போனில் தேடியிருக்கிறாள். ஆவி என்று வந்திருக்கிறது. அம்மா இத்தனை நாள் தன்னைப் போர்வைக்குள் வைத்துப் பிடிக்கச் சொன்னது இதைத்தானா என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்ததாம். நான் சிரித்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி எழக்கூடப் போனேன்.

அவள் சிரிக்கவில்லை. நாயின் மடங்கிய காதை நீவிக்கொண்டே, ஆங்கிலத்தில் ஆரம்பித்து பாதியில் தமிழுக்கு வந்தாள்.

"ஹாஸ்பிட்டல்ல அம்மாவுக்கு ஏன் யாருமே ஆவி குடுக்கல? எனக்குத் தெரியும்ப்பா. ஐ நியூ. நான் டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல."

இத்தனை மாதம். லஞ்ச் பாக்ஸைக் கழுவி வைத்துக்கொண்டு, ஸ்பெல்லிங் டெஸ்டுக்குப் படித்துக்கொண்டு, இதைச் சுமந்துகொண்டு இந்தக் குழந்தை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கவுன்சிலருக்கும் தெரியவில்லை. மூளை, ரத்தக் குழாய் என்று படம் போட்டு அவளுக்கு விளக்கியிருந்தோம், எல்லாம் சரியான ஆங்கிலத்தில். அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் நம்பியது உன் பேச்சை. அப்போது எனக்கு உன்மேல் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். எல்லாம் என்று ஏன் சொன்னாய்? சளி சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

"கண்ணு, ஆவி சளிக்கு மட்டும்தான்" என்றேன். "அம்மாவுக்கு வந்தது சளி இல்ல. யார் குடுத்திருந்தாலும், எவ்வளவு குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அம்மா எல்லாம்னு சொன்னாங்க."

"உங்கம்மா எதையுமே கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் சொல்லுவா. இந்த சாம்பாரச் சாப்ட்டா செத்தவன் எந்திரிச்சு வருவான்னு சொல்லுவாளே, ஞாபகம் இருக்கா?"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். தாரிணி என்னைப் பார்த்தாள். அவள் உதடு சிரிக்கப் போனது, பாதியில் கோணியது. அப்புறம் அழுதாள். மார்ச்சிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். நாய் பயந்துபோய் என் காலடியில் வந்து ஒண்டிக்கொண்டது. நான் ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையை அதன் தலையிலும் வைத்துக்கொண்டு, நாயை இதற்கு முன் தொட்டதே இல்லை என்பதைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு உன் அக்கா கூப்பிட்டு, பேர் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன், தாரிணி பக்கத்து அறையில் இருந்ததால் தாழ்ந்த குரலில். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "படம் வேண்டாம் தம்பி, மூஞ்சி நல்லால்ல. வெறும் போனுல ஸ்பீக்கர்ல போடுங். நானும் ஒரு தடவ கூப்புட்டுப் பாக்கறன்" என்றார். கேமராவை அணைத்துவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தேன். உங்கள் இருவருக்கும் ஒரே குரல், கல்யாணமான புதிதில் நானே எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன். அவர் கத்தும்போது அது தெரியாது. அன்று அழுது ஓய்ந்து மெதுவாகப் பேசினார்.

"ஆவி" என்றது போன். "வா சாமி. ஊட்டுக்கு வா."

நாய் சோபாவிலிருந்து குதித்து ஓடி வந்தது. பக்கத்து அறைக் கதவு திறந்தது, தாரிணி முகம் வெளுத்து வாசற்படியில் நின்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, உனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன்.